தலைமுடி எடுத்தவள்

எங்கள் இளவரசி யெலிசாவாவுக்கு அந்தக் கோடை வரைக்கும் வியன்னா பத்திரிகைக்காரர்கள் ஒன்பது தடவை கல்யாணம் செய்துவைத்திருந்தார்கள். ஒரு தடவை இத்தாலிக்காரன். இரண்டு தடவை ஜெர்மன் பிரபுக்கள். ஒரு தடவை சுல்தானிடம் வேலை பார்த்த யாரோ ஒரு தளபதி. ஆறாவது மாப்பிள்ளை செத்து மூன்று வாரம் ஆகியிருந்தது, அது பத்திரிகைக்குத் தெரியவில்லை. தபால் கோவேறு கழுதைமேல் மலையேறி எங்கள் கோரிட்சாவுக்கு வந்து சேர எட்டு நாள் ஆகும். ஆகவே தனக்கு நிச்சயமான செய்தியை ஊர் உலகமெல்லாம் தெரிந்துகொண்டு எட்டு நாள் கழித்துத்தான் எங்கள் பெண் தெரிந்துகொள்வாள்.

"விதாக்கா, ஓடி வா. இந்தத் தடவ மாப்பிள்ளைக்கு மீசை நல்லா இருக்கு" என்று பத்திரிகையைத் தூக்கிக் காட்டுவாள். பக்கத்திலேயே அவள் படமும் இருக்கும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எடுத்த அதே படம்.

நான் விதோசாவா. தாயில்லாத ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அரண்மனைக்குள் நுழைந்தபோது எனக்குப் பத்தொன்பது, புருஷனை எல்லைச் சண்டையில் பறிகொடுத்து நான்கு மாதம். அரண்மனை என்றதும் எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மாடி, இருபது அறை, மழை பெய்தால் ஏழு இடத்தில் ஒழுகும்.

இந்த வதந்திகளை அவள் அப்பா, எங்கள் மன்னர் வுகோத்தா, ஒருநாளும் மறுத்ததில்லை. ஒப்புக்கொண்டதும் இல்லை. தாடியைத் தடவிக்கொண்டு, "ஆண்டவன் சித்தம்" என்பார், அவ்வளவுதான். ஆஸ்திரியா பக்கத்து மாப்பிள்ளை என்று பேச்சு கிளம்பினால் ரஷ்யாக்காரன் பதறியடித்துக்கொண்டு இரண்டு பீரங்கி அனுப்புவான். ரஷ்யா பக்கம் என்று கிளம்பினால் இத்தாலிக்காரன் துப்பாக்கிப் பெட்டிகளோடு மலையேறி வருவான். ஆயுதச் சாலையில் வரிசையாக நின்ற ஐந்து பீரங்கிகளுக்கு நான் இளவரசியின் சீர்வரிசை என்று பெயர் வைத்திருந்தேன். அவளும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்படிச் சிரித்துச் சிரித்தே அவளுக்கு முப்பத்தொரு வயது ஆகிவிட்டது. தங்கை அனிட்சா பீட்டர்ஸ்பர்க்கில் சக்கரவர்த்தியின் சொந்தக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகியிருந்தாள். அக்காள் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

பத்தாவது மாப்பிள்ளை பத்திரிகை வழியாக வரவில்லை. குதிரைமேல் வந்தார்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ரவானியாவில், அந்த வசந்த காலத்தில், ராணுவ அதிகாரிகள் தங்கள் ராஜாவையே படுக்கையறையில் வைத்துத் தீர்த்துவிட்டு, நாற்பது வருடமாக நாடு கடத்தப்பட்டிருந்த இன்னொரு வம்சத்தின் வாரிசைத் தேடிப்பிடித்து முடிசூட்டினார்கள். அவர்தான் ராதிவோய். வயது நாற்பது, மனைவியை இழந்தவர். ராஜாவாகும் வரை எல்லையோரத்தில் வேறு பெயரில் மர வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தவர். ரத்தம் சிந்தி வந்த கிரீடம் என்று எந்தப் பெரிய நாடும் அவரை ராஜாவாக ஏற்றுக்கொள்ளவில்லை. தூதர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பீட்டர்ஸ்பர்க் ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர்கள் தானாக வருவார்கள். பீட்டர்ஸ்பர்க்கில் யார் இருக்கிறாள்? எங்கள் அனிட்சா. ஆகவே அவர் எதற்காக வந்தார் என்பது எங்கள் வீட்டு சமையல்காரிக்குக்கூடத் தெரியும்.

தெரிந்தும் என்ன? மனுஷன் நல்லவராகத் தெரிந்தார். மற்ற விருந்தாளிகளைப் போல அவளைச் சுற்றிச் சுற்றி வந்து புகழவில்லை. வந்த மூன்றாம் நாள், படிக்கும் அறைக் கதவு சிக்கிக்கொண்டு அவள் தோளால் இடித்துத் திறப்பதைப் பார்த்தார். "இது ஈர மரத்துல பண்ணின கதவு. இருபது வருஷமா உங்களோட மல்லுக்கட்டியிருக்குமே" என்றார். மறுநாள் காலையில் மேல்கோட்டைக் கழற்றிவிட்டு, கதவைத் திண்டுமேல் சாய்த்துவைத்து, இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு ராஜா! தாடியெல்லாம் மரச்சீவல். அவருடைய மந்திரி புரோதான் பக்கத்தில் நின்று, பல் வலிக்காரன்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தாள்.

அதற்கடுத்த நாளிலிருந்து அவள் பாட ஆரம்பித்தாள். காலையில் தலை வாரும்போது, பூட்ஸ் மாட்டும்போது, வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டிருக்கும்போதுகூட. பதினைந்து வயதுக்கு அப்புறம் அவள் பாடி நான் கேட்டதில்லை. குரலும் அப்படியொன்றும் நன்றாக இருக்காது. நான் சமையலறை மூலையில் நின்று தலைத்துணியின் நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மாதா திருநாளன்று, கோவில் பூசை முடிந்ததும், மக்கள் முன்னால் மோதிரம் மாற்றுவது என்று முடிவானது. அதற்கு நான்கு நாள் இருக்கும்போது ராஜாவின் மகள் வண்டியில் வந்து சேர்ந்தாள். ஸ்தானா என்று பெயர். ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை. கூடவே பெத்ருஷா என்று ஒரு தாதி. எங்கள் பெண் குனிந்து, "உன் பல்லெல்லாம் எங்கடி போச்சு?" என்றாள். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரவானியாவுலயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றது. அதோடு இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை நான் பின்கட்டில் படுக்கை விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தேன். பெத்ருஷா பிள்ளையின் துணிகளைத் துவைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஐம்பது வயது இருக்கும், அகலமான முகம். என்னைப் பார்த்தவள் பார்த்தபடி நின்றாள்.

"என்னம்மா, பேயப் பாத்த மாதிரி நிக்கிறே?" என்றேன்.

"நீங்கதானே அந்த மஞ்சள் சால்வை குடுத்தவங்க?"

"எந்தச் சால்வை?"

"ஆறு வருஷம் முந்தி. மலைக்கோவிலுக்குக் கீழ, முச்சந்தியில. பிள்ளை குளுர்ல நடுங்குதுன்னு உங்க தோள்ல இருந்ததை எடுத்துச் சுத்தினீங்களே. நான் புதருக்குப் பின்னால ஒளிஞ்சு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

கையிலிருந்த விரிப்பு நழுவி மண்ணில் விழுந்தது. எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் மலைகளில், பிறக்கிற பிள்ளையெல்லாம் அடுத்தடுத்துச் சாகிற வீட்டில், கடைசி வழியாக ஒன்று செய்வார்கள். புதிதாகப் பிறந்ததைக் கொண்டுபோய் முச்சந்தியில் கிடத்திவிட்டு ஒளிந்துகொள்வார்கள். அந்த வழியே முதலில் யார் வருகிறார்களோ, பிச்சைக்காரனோ துருக்கிக்காரனோ, அவர்தான் அந்தப் பிள்ளைக்கு ஞானப் பெற்றோர். அவர் ஒரு கொத்து முடி எடுத்து, பெயர் வைத்து, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போக வேண்டும். மாட்டேன் என்று சொன்னவர் எங்கள் ஊரில் யாரும் கிடையாது. அந்த உறவுக்குக் கூம் என்று பெயர். ரத்த உறவைவிடப் பெரியது. முடி எடுத்தவரும் பிள்ளையைப் பெற்றவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்துக்கொள்வார்கள், கூடப்பிறந்தவர்களைப்போல. கூம் உறவுக்குள் கல்யாணம் என்பதை நினைத்தாலே பாவம். அப்படிச் செய்த வீட்டில் பிள்ளை தங்காது.

ஆறு வருடத்துக்கு முன் நானும் இளவரசியும் நேர்ச்சைக்காக, குடியானவப் பெண்கள் மாதிரி உடுத்திக்கொண்டு, மலைக்கோவிலுக்கு நடந்து போனோம். வழியில் ஒரு குழந்தை. அவள்தான் என் கத்தரிக்கோலை வாங்கி முடி எடுத்தாள். இதுவாவது நிற்கட்டும் என்றுதான், நின்றவள் என்று அர்த்தம் வரும் ஸ்தானா என்ற பெயரை வைத்தாள். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பெயரைத்தான் வைப்பார்கள், தெருவுக்கு நாலு ஸ்தானா உண்டு. யாரோ மேய்ப்பன் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு நாங்கள் நடையைக் கட்டிவிட்டோம்.

"ஆண்டவனே" என்றேன். "அப்போ உங்க ராஜாவுக்கு இது தெரியாதா? நீ யார்கிட்டயும் சொல்லலையா?"

பெத்ருஷா தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னேனே. மூணு வருஷம் முந்தி பத்திரிகையில உங்க இளவரசி படம் வந்துச்சு, யாரோ ஒரு இத்தாலிக்காரரக் கட்டிக்கப்போறாங்கன்னு. பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுபோச்சு. நம்ம பிள்ளைக்கு முடி எடுத்தவங்க சாதாரண ஆள் இல்லைங்கன்னு வீடு முழுக்கச் சொல்லிச் சிரிச்சேன். ராஜா, அப்ப அவரு ராஜா இல்ல, அவரும் சிரிச்சாரு."

"தெரிஞ்சேவா பொண்ணு கேட்டு வந்திருக்காரு?"

"என்னைத் திட்டாதீங்க. நான் பிள்ளையோட வரமாட்டேன்னுதான் சொன்னேன். புரோதான் ஐயாதான் கட்டாயம் வரணும்னாரு. திமித்ரியார் திருநாள் வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது, அதுக்கப்புறம் பேராயர் முன்னாடி நின்னு எல்லாத்தையும் சொல்லணும்னு சொல்லியிருக்காரு."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது, அப்படியே துணிக்கூடைமேல் உட்கார்ந்துவிட்டேன். மாதா திருநாள் ஆகஸ்டில். திமித்ரியார் திருநாள் நவம்பரில். நடுவில் இரண்டு மாதத்துக்கு மேல். நிச்சயம் முடியும். அக்காள் சந்தோஷத்தில் தங்கைக்கு எழுதுவாள். தங்கை தன் புருஷனை நச்சரிப்பாள். பீட்டர்ஸ்பர்க் அவரை ராஜா என்று ஒப்புக்கொள்ளும். காரியம் முடிந்ததும் இந்தத் தாதி வந்து நின்று வாயைத் திறப்பாள். கல்யாணம் நிற்கும். பழி யார் தலையில்? முடி எடுத்ததை மறைத்து, கூம் வீட்டுக்கே வாழ்க்கைப்பட அலைந்த முப்பத்தொரு வயதுக் கன்னி என்று எங்கள் பெண்ணின் பெயர் எட்டு ஊரிலும் நாறும். அதற்கப்புறம் பத்திரிகைகூட அவளுக்கு மாப்பிள்ளை தேடாது.

"புரோதான் இதச் சொல்லும்போது உங்க ராஜா எங்க இருந்தாரு?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடு, தாயே, என்று மனசு கெஞ்சிக்கொண்டிருந்தது.

"அங்கதான். ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டிருந்தாரு."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லல." பெத்ருஷா அழ ஆரம்பித்தாள். "எனக்கு அரசியலெல்லாம் தெரியாதும்மா. மந்திரி திருநாளுக்கப்புறம் நிறுத்திடுவோம்னுதான் சொல்றாரு. நிறுத்தாம இவரு நிஜமாவே கட்டிக்கிட்டாருன்னா? பிள்ளைக்கு என்ன ஆகும்? ரெண்டைப் புதைச்சுட்டு இது ஒண்ணைத்தான் வெச்சிருக்கோம்."

இதைக் கேட்ட கணமே நான் மாடிக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடத்தான் செய்தேன். பாதிப் படியில் அவள் குரல் கேட்டது. உள்ளே ஸ்தானாவுக்குத் தலை வாரிக்கொண்டு, சுருதி சேராமல் பாடிக்கொண்டிருந்தாள். நான் அப்படியே நின்றுவிட்டு, திரும்பிக் கீழே வந்தேன்.

அன்று முழுக்கச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. எனக்கு நானே என்னென்னவோ சொல்லிக்கொண்டேன். கதவை இழைத்த மனுஷன் அவ்வளவு கெட்டவனாக இருக்க மாட்டான், போகப்போக அவள்மேல் ஆசை வந்து அந்த மந்திரியின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவான் என்று ஒரு நேரம். முச்சந்தியில் நடந்ததை நான்கு பேர் மறந்தால் ஆண்டவனும் மறந்துவிடமாட்டாரா என்று இன்னொரு நேரம். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த இரண்டு நாளும் சாப்பாட்டு மேசையில் அவர் ரொட்டியைப் பிட்டு அவள் தட்டில் வைப்பதைப் பார்த்து, இதுவும் நடிப்பா, இதுவும் நடிப்பா என்று எண்ணி எண்ணி எனக்குத் தலையே வெடித்துவிடும்போல் இருந்தது.

திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தாள்.

"அனிட்சாவுக்கு. நாலு பக்கம் எழுதிட்டேன், சிரிக்காதே. அவரை ராஜான்னு ஒத்துக்கச் சொல்லி அவ புருஷன்கிட்ட பேசணும்னு எழுதியிருக்கேன். இதுவரைக்கும் அவகிட்ட நான் எதையும் கேட்டதில்ல இல்லையா? நீயே போய்த் தபால்காரன் கையில குடுத்துட்டு வா."

கடிதத்தை வாங்கிக்கொண்டேன். வாசல்வரை போனேன். அந்தக் காகிதம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்த மொத்தமும். அதை நானே என் கையால் கொண்டுபோய்க் கொடுப்பதா? திரும்பி வந்து, மேசைமேல் கடிதத்தை வைத்து, சொல்லிவிட்டேன். மூச்சுவிடாமல், அவள் முகத்தைப் பார்க்காமல், முச்சந்தியிலிருந்து ஜன்னல் வரைக்கும் எல்லாம்.

அவள் கத்தவில்லை. அழவில்லை. முதலில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது, வழக்கமாகப் பத்திரிகையைப் பார்த்துச் சிரிப்பாளே, அது. பிறகு அது முகத்திலேயே நின்றுபோய்விட்டது.  

"என் ஸ்தானாவா அது?" என்றாள் கடைசியில். "அந்தச் சால்வைக்குள்ள இருந்ததா?"

"ஆமாம் கண்ணு."

கடிதத்தை நான்காகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வா, அப்பாகிட்ட போகலாம்" என்றாள்.

மன்னர் வுகோத்தா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வாளை உருவுவார், புரோதானைக் கட்டி இழுத்துவரச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். மனுஷன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அடேயப்பா! அந்தப் புரோதான் லேசுப்பட்ட ஆள் இல்ல போல! எனக்கு இப்படி ஒரு மந்திரி கிடைக்கலையே!" பிறகு என்னைப் பார்த்தார். "நம்ம பக்கம் வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்கும்தாங்க."

"நல்லது. அப்படியே இருக்கட்டும். தாதியை நம்ம கன்னிமடம் எதுலயாவது கொண்டுபோய் விட்டுடலாம். நாளைக்கு மோதிரம் மாத்துவோம். திமித்ரியார் திருநாள்வரை எதுக்குக் காத்திருக்கணும்? செப்டம்பர்லயே கோவில்ல கல்யாணக் கிரீடத்தைத் தலையில வெச்சுக் கல்யாணத்த முடிச்சிடுவோம். அப்புறம் அவனால என்ன பண்ண முடியும்?"

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகமாகிவிட்டது. நான் அவளைப் பார்த்தேன்.

"அப்பா, நான் அந்தப் பிள்ளைக்கு ஞானத்தாய்."

"பேராயரை நான் பாத்துக்கறேன்."

"என்னை ஏமாத்தணும்னே வந்தவருகூட நான் குடும்பம் நடத்தணுமா?"

மன்னர் கோப்பையைக் கீழே வைத்தார். கோபமில்லாமல், கணக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல் சொன்னார். "யாருதான் ஏமாத்தல, யெல்லா? உன்னை வெச்சு நான் ஒன்பது பேரை ஏமாத்தினேன். அத்தனை தடவையும் நீ பத்திரிகையக் கையில வெச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தே?"

பெற்ற மகளிடம் சொல்கிற வார்த்தையா அது! எனக்கு அந்தக் கோப்பையை எடுத்து அவர்மேலேயே ஊற்றலாம்போல் இருந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. 

"சரிப்பா. நாளைக்கு நீலப் பட்டு உடுத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அவர் திருப்தியாகக் காப்பியைக் குடித்து முடித்தார்.

மாதா திருநாளன்று பன்னிரண்டு மலைக் குடிகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பூசை முடிந்து, அரண்மனைக்கு முன்னால் இருக்கும் பெரிய முசுக்கொட்டை மரத்தடியில் மேசைகள் போட்டிருந்தது. புகைபோட்ட பன்றித் தொடை, பாலாடைக்கட்டி, பிளம் சாராயம். நடுவில் வெள்ளித் தட்டில் இரண்டு மோதிரங்கள். பேராயர் ஒரு பக்கம், மன்னர் ஒரு பக்கம். ராதிவோய் வெள்ளைச் சீருடையில் நின்றார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது. அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிற விஷயம்.

பேராயர் தட்டைக் கையில் எடுக்கும்போது எங்கள் பெண் நீலப் பட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் வந்தாள். இன்னொரு கையில் ஸ்தானா. அவள் இப்படிச் செய்யப்போகிறாள் என்று எனக்குச் சொல்லவில்லை. கையிலிருந்த ரொட்டிக் கூடையை நான் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

"நம்ம ஜனங்க எல்லாரும் கேளுங்க!" என்றாள். மலைக்காரி குரல், கடைசி மேசைவரை போனது. "ஆறு வருஷம் முந்தி மலைக்கோவில் முச்சந்தியில ஒரு பிள்ளை கிடந்துச்சு. முதல்ல வந்தது நான். முடி எடுத்தேன், பேரு வெச்சேன். யாரு பிள்ளைன்னு நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது. இதோ, இந்தப் பிள்ளைதான். அன்னைக்குப் புதருக்குள்ள நின்ன பெத்ருஷா சாட்சி. இன்னையிலிருந்து அவளுக்கு யாராவது ஒரு தீங்கு செஞ்சா அது எனக்குச் செஞ்ச மாதிரி."

பெத்ருஷா தலையில் கை வைத்துக்கொண்டு, "ஆமாம், ஆமாம்" என்று அழுதாள்.  பேராயர் தட்டைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றார். எல்லாருக்கும் கணக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

அவள் ராதிவோய் பக்கம் திரும்பினாள். "நீங்க எங்க வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தீங்க. ஆண்டவன் அதைவிடப் பெரிய உறவா குடுத்துட்டாரு. வாங்க, கூம்."

அந்த வார்த்தை விழுந்ததும், அப்பப்பா, மலையே இடிந்ததுபோல் ஒரு சத்தம். ஆண்களெல்லாம் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். முச்சந்தியில் கிடந்த பிள்ளை ராஜா மகள், முடி எடுத்தவள் இளவரசி, இரண்டு நாடும் கூம் ஆகிவிட்டது என்றால் எங்கள் ஜனங்களுக்கு வேறென்ன வேண்டும்? கூம் என்று அழைத்தவரை மறுக்கிறவன் எங்கள் மலையில் தலைகாட்ட முடியாது. புரோதானின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மன்னர் வுகோத்தாவின் தாடை ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் முதலில் சாராயக் கோப்பையை உயர்த்தி, "என் மகளோட கூம் வாழ்க!" என்று கத்தியவர் அவர்தான். அவரா விடுவார்!

 ராதிவோய் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளிடம் வந்தார். முடி எடுத்தவரின் கையைப் பிள்ளையைப் பெற்றவர் முத்தமிட வேண்டும், ராஜாவானாலும் சரி. குனிந்து முத்தமிட்டார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன், அவர் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

"கடைசியில நான் அந்தத் தாதியைப் பேச விட்டிருக்க மாட்டேன். உன்னைக் கட்டிக்கிட்டிருப்பேன். நம்பு."

"இருக்கலாம்" என்றாள் அவள். "எனக்கு அது தெரிய இனிமே வழியில்லையே, கூம்."

அவர் கையை விட்டார். பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்போ நீங்க எனக்கு யாரு?" என்று கேட்டது. "உனக்கு முடி எடுத்தவ" என்று சொல்லி, எங்கள் பெண் அதன் தலையை வருடினாள்.

மூன்று மணிக்கெல்லாம் ரவானியாக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். ஸ்தானா வண்டியிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே போனது. ஜனங்கள் கீழே இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் மாடிக்குப் போனபோது அவள் படிக்கும் அறையில், நீலப் பட்டோடு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் மண்டியிட்டு அவள் பூட்ஸின் நாடாவை அவிழ்த்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ராணி மாதிரி நின்னீங்க கண்ணு. அந்தப் புரோதான் மூஞ்சியப் பாத்தீங்களா? தேள் கொட்டின மாதிரி முழிச்சானே! உங்க அப்பாவுக்கே தாடை ஆடிப்போச்சு" என்று நான் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனேன்.

 இரண்டாவது பூட்ஸையும் கழற்றினேன். கால் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டேன்.

"விதாக்கா, பெத்ருஷா உன்கிட்ட எப்போ சொன்னா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "நாலு நாள் முந்தி பிள்ளை வந்துச்சே, அதுக்கு மறுநாள் காலையில."

"அப்போ ரெண்டு நாள் உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"மன்னிச்சுடுங்க கண்ணு. உடனே சொல்லியிருக்கணும். ஓடித்தான் வந்தேன். படியேறி வரும்போது நீங்க பாடிக்கிட்டிருந்தீங்க. என்னால முடியல. தப்புதான், பெரிய தப்பு. என்னை அடிச்சாக்கூட வாங்கிக்கறேன்."

அவள் என் தலைமேல் கை வைத்தாள்.  திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னும் ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லியிருக்கலாமே, விதாக்கா" என்றாள்.